"நான் பொய் சொன்னதாலதான் பாட்டி போயிட்டாங்களா?"

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர், கணவர், பதினான்கு வயது மகன், ஒன்பது வயது மகள். கணவரின் அம்மா ஐந்து மாதங்களுக்கு முன் இதய நோயால் இறந்துபோனார். அண்மையில் ஒரு விடுமுறை நாளில் நால்வரும் உட்கார்ந்து ஒரு குடும்பப் படம் பார்த்திருக்கிறார்கள். அண்ணன், தம்பி இருவரின் கதை. அண்ணன் கண்டிப்பானவர், எழுவது, பிரார்த்தனை, படிப்பு எல்லாம் மணியடித்தாற்போல் நடக்க வேண்டும். தம்பி பிள்ளைகளோடு பிள்ளையாகத் திரிபவர். சாமி கும்பிடுவது அவரவர் இஷ்டம் என்பவர். அப்பாவின் பேச்சை மீறி ஆற்றுக்குப் போகும் அண்ணன் மகன் தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டு, மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கிறான். அப்பா இரவெல்லாம் அழுது வேண்டுகிறார். விடிகிறது; பையன் கண் திறக்கிறான்.

படம் முடிந்ததும் வீட்டில் சண்டை. "பார், கடைசியில் அந்த அப்பா சொன்னதுதானே நடந்தது" என்று கணவர். "அவர் திருந்தி அழுதார், அதைப் பார்த்தீர்களா? அதற்குள் எழுந்து போய்விட்டீர்களே" என்று இவர். மகன் "ரெண்டுமே டிராமா. இனிமே என்னை பிரேயருக்குக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். கணவர் அன்றிலிருந்து மகனோடு பேசுவதில்லை. இவர் வாசகர் பக்கத்துக்கு எழுதுகிறார்: இரண்டு அப்பாக்களில் யாருடைய வளர்ப்பு சரி? மகனைப் பிரார்த்தனைக்குக் கட்டாயப்படுத்தலாமா? இனி இந்த மாதிரிப் படங்களைக் காட்டாமல் விட்டுவிடலாமா?

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "இதற்கு நடுவில் மகள் வேறு, பாட்டி பக்கத்தில் உட்காரச் சொன்னபோது ஹோம்வொர்க் இருக்கு என்று பொய் சொல்லிவிட்டு விளையாடப் போனாளாம், அதனால்தான் சாமி பாட்டியை எடுத்துக்கொண்டதா என்று ராத்திரியில் கேட்டு அழுகிறாள். குழந்தைதானே, மறந்துவிடுவாள்."

அன்புச் சகோதரி,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், நீங்கள் கேள்வியாகவே எழுதாத அந்தக் கடைசி வரியைப் பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். இது பொறுக்காது.

மகளின் கேள்வி

மறக்க மாட்டாள். ஐந்து மாதமாக உள்ளே வைத்திருந்ததுதான் படத்தைப் பார்த்ததும் வெளியே வந்திருக்கிறது. வந்தது நல்லதுக்கே. கேட்காமல் இருந்திருந்தால் அதையே சுமந்துகொண்டு வளர்ந்திருப்பாள்.

அவள் வயதுக்கு இந்த எண்ணம் விசித்திரமானதல்ல. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே 1932-இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். பிள்ளைகளிடம் ஒரு சின்னக் கதை சொன்னார்: ஆப்பிள் திருடிய பையன் தப்பித்து ஓடும்போது, உளுத்த மரப்பாலம் முறிந்து தண்ணீரில் விழுந்துவிடுகிறான். திருடாமல் அதே பாலத்தில் போயிருந்தால் விழுந்திருப்பானா? ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர், திருடியதால்தான் விழுந்தான் என்றார்கள். ஒன்பது, பத்து வயதிலும் ஏறக்குறைய பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். தப்பு செய்தால் தண்டனை தானாக வந்து சேரும், மரப்பாலத்துக்குக்கூட நம் குற்றம் தெரியும் என்பது அந்த வயதின் கணக்கு. நீங்கள் பார்த்த படமும் ஏறக்குறைய அதே கதைதான். சொல் பேச்சு கேட்காத பையன், ஆறு, தண்டனை. உங்கள் மகளுக்கு அது கற்பனையாகத் தோன்றவில்லை. தனக்குத் தெரிந்த உண்மையைப் படமும் சொல்லிவிட்டது என்றே எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். "நான் பிள்ளைகளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி வளர்த்தேன், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம்மில் பாதிப் பேர் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான், பலருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. ஆனால் உங்கள் வீட்டில் இதுவரை சொல்லப்பட்ட மிரட்டல்களிலேயே பெரியது அதுதான். உங்கள் கணவரின் அதட்டலுக்கு ஓர் அளவு இருக்கிறது. அவர் தூங்கப் போனால் அதுவும் ஓய்ந்துவிடும். தூங்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிற ஒருவரைக் காவலுக்கு வைத்தவர் நீங்கள். பொய் சொன்ன பிறகு அந்தக் காவலர் கண்ணைக் குத்தவில்லை, பாட்டியைக் கொண்டுபோய்விட்டார் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள்.

ஆகவே இன்றோ நாளையோ, அவசரமில்லாத ஒரு நேரத்தில், விளக்கை அணைப்பதற்கு முன்பு பேசுங்கள். இந்தச் சாயலில் சொன்னால் போதும்: "அன்னைக்கு ஹோம்வொர்க் இருக்குன்னு சொன்னது பொய்தான். பாட்டி கூட உக்காந்திருக்கலாம்னு உனக்கு இப்ப வருத்தமா இருக்கு. ஆனா பாட்டி இறந்தது இதயத்துல இருந்த நோயால. அது நீ பொய் சொல்றதுக்கு முன்னாடியே, பல நாளா இருந்துச்சு. நீ உக்காந்திருந்தாலும் அது வந்திருக்கும். யாரும் சொன்ன பொய்யால யாருக்கும் நோய் வராது."

"நீ பொய்யே சொல்லல, விடு" என்று மட்டும் சமாதானம் சொல்லிவிடாதீர்கள். சொன்னது பொய் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். நீங்கள் மழுப்பினால் மற்றதையும் நம்ப மாட்டாள். பொய் தப்பு என்பதும், அந்தத் தப்புக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்பதும் ஆக இரண்டுமே அவள் காதில் விழ வேண்டும். "சாமிக்குப் பாட்டியைப் பிடித்துப்போச்சு, அழைத்துக்கொண்டார்" என்பதும் வேண்டாம். அடுத்து யாரைப் பிடிக்கும் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவாள். "தூங்கிட்டாங்க" என்று சொல்லி, படுக்கப் போகவே பயந்த பிள்ளைகள் உண்டு.

ஒரே நாளில் தீராது. இதே கேள்வியைப் பத்து முறை கேட்பாள். பத்து முறையும் அலுக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொரு கேள்வி வரும், அது இதைவிடக் கடினம்: "அந்த அப்பா வேண்டினதும் பையன் முழிச்சுக்கிட்டான். நானும்தானே வேண்டினேன்?" பிரார்த்தனைக்கு ஏன் பலன் கிடைக்கவில்லை என்பதற்கு ஆலோசகர் என்ற முறையில் என்னிடம் பதில் கிடையாது. உங்கள் நம்பிக்கையில் இருக்கும் பதிலை, நீங்கள் மனதார நம்பினால் மட்டும், சொல்லுங்கள். நம்பாததைச் சொல்வதைவிட "எனக்கும் தெரியலடா, எனக்கும் அந்த வருத்தம் இருக்கு" என்பது எவ்வளவோ மேல். சரியாக வேண்டியிருந்தால் கிடைத்திருக்கும் என்ற பொருள் வரும்படி மட்டும் யாரும் பேசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உறவினர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள், ஆனாலும் தடுங்கள்.

படத்தைப் பொறுத்தவரை ஒரு யோசனை. அந்த மருத்துவமனைக் காட்சியை மகளோடு உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்பா கைகூப்புகிறார், அங்கே நிறுத்துங்கள். அடுத்த ஷாட்டில் பையன் கண் திறக்கிறான், மறுபடி நிறுத்துங்கள். நடுவில் ஓர் இரவே போயிருக்கிறதே, அதில் என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். டாக்டர் வந்திருப்பார், ஊசி போட்டிருப்பார்கள், நர்ஸ் தூங்காமல் இருந்திருப்பார் என்று அவளே சொல்வாள். இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் பார்க்கிறவர் மனமே அவற்றுக்கு நடுவில் ஒரு தொடர்பைக் கட்டிவிடும் என்பதை ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு வருடங்களுக்கு முன்பே சோதித்துக் காட்டினார். இது பக்திக்கு எதிரான பாடம் இல்லை. படம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த பிள்ளை, படத்தை வைத்துத் தன்மேல் தீர்ப்பு எழுதிக்கொள்ளாது.

அண்ணனா, தம்பியா?

இப்போது உங்கள் முதல் கேள்வி. இருவரும் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அதில் உங்களுக்கு உதவி இல்லை.

அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் சிறு பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் கவனித்து, வளர்ப்பு முறைகளை மூன்றாகப் பிரித்தார். சொன்னால் சொன்னதுதான் என்பவர்கள் ஒரு வகை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டுபவர்கள் இன்னொரு வகை. விதியையும் விடாமல், காரணத்தையும் சொல்லி, பிள்ளையின் பதிலையும் காதில் வாங்குபவர்கள் மூன்றாவது வகை. உளவியலாளர்கள் எலினார் மேக்கபியும் ஜான் மார்ட்டினும் 1983-இல் இதை இரண்டு தனித்தனி அளவுகளாக விளக்கினார்கள்: பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறோம் என்பது ஒன்று, பிள்ளைக்கு எவ்வளவு செவிசாய்க்கிறோம் என்பது மற்றொன்று. ஒன்று கூடினால் மற்றது குறைந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

திரைக்கதைக்கு இந்த உண்மை பிடிக்காது. எதிர்பார்ப்பு முழுவதையும் அண்ணனிடமும், பரிவு முழுவதையும் தம்பியிடமும் கொடுத்தால்தான் இடைவேளைக்கு முன் ஒரு மோதல் கிடைக்கும். நிஜத்தில் கண்டிப்பான அப்பா பரிவானவராகவும் இருக்கலாம். கண்டிப்பைப் பிள்ளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது அதோடு சேர்ந்து வரும் நெருக்கத்தைப் பொறுத்தது. சீன வம்சாவளிக் குடும்பங்களை ஆராய்ந்த உளவியலாளர் ரூத் சாவ் 1994-இல் இதைத்தான் எழுதினார்: வெளியே இருந்து பார்ப்பவருக்கு அதிகாரமாகத் தெரிவது, உள்ளே இருக்கும் பிள்ளைக்கு அக்கறையாகத் தெரியலாம்.

எனவே உங்கள் கணவரை அண்ணன் பாத்திரத்திலும் உங்களைத் தம்பி பாத்திரத்திலும் உட்கார வைத்து யோசிப்பதை நிறுத்துங்கள். உங்கள் கடிதத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது. பரீட்சை நேரத்தில் கணவர் மகனின் கைபேசியை வாங்கி வைக்கிறார். நீங்கள் இரவில் எடுத்துக் கொடுத்து, "அப்பாகிட்ட சொல்லாதே" என்கிறீர்கள். அது தெரிந்ததும் அவர் இன்னும் இறுக்குகிறார். நீங்கள் இன்னும் தளர்த்துகிறீர்கள். திருமணமான புதிதில் அவர் இவ்வளவு கண்டிப்பாக இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருக்க மாட்டார். நீங்களும் இவ்வளவு விட்டுக்கொடுப்பவராக இருந்திருக்க மாட்டீர்கள். ஒருவரைச் சமன்செய்யப் போய் மற்றவர் அடுத்த ஓரத்துக்குத் தள்ளப்படுவது, ஆலோசனைக்கு வரும் தம்பதிகளிடம் நான் அடிக்கடி பார்ப்பது.

அந்தக் கைபேசி விஷயத்தை மென்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் மகன் கற்றுக்கொள்வது, விதி என்பது யார் வீட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்பதைத்தான். கைபேசியை வாங்கி வைக்கும் நேரம் அதிகமாகத் தோன்றினால் கணவரிடம் தனியாகச் சண்டை போட்டாவது குறைத்து வாங்குங்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தைச் சொல்லுங்கள்.

பாதியில் எழுந்து போனவர்

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் இது கண்ணில் பட்டது. அப்பா அழும் காட்சியில் கணவர் எழுந்து போனார், தன் தப்பு அங்கே தெரிந்ததால் தாங்க முடியவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் ஐந்து மாதத்துக்கு முன் அம்மாவை இழந்த ஒருவர், மருத்துவமனைக் கட்டில், மானிட்டர் சத்தம், பக்கத்தில் அழும் உறவு, இவற்றைத் திரையில் பார்க்கிறார். எழுந்து போக அதுவே போதாதா?

"அத்தை இருந்தவரை பிரார்த்தனையெல்லாம் அவர் பொறுப்பு, இவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்" என்கிறீர்கள். இப்போது மாலை ஆனதும் எல்லாரும் வந்து உட்கார வேண்டும் என்று அவரே அடம்பிடிக்கிறார். அம்மா செய்த வேலையை, அம்மா செய்த நேரத்தில், அவர் செய்துகொண்டிருக்கிறார். இதைக் கண்டிப்பு என்று மட்டும் படித்தால் பாதியை விட்டுவிடுவோம். என் ஊகம் தவறாகக்கூட இருக்கலாம். கேட்டுப் பார்ப்பது உங்கள் கையில். "அந்த சீன்ல அத்தை ஞாபகம் வந்துடுச்சா?" என்று ஒரு வரி. படத்தில் யார் சரி என்ற வழக்கை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

மகனும் பிரார்த்தனையும்

கட்டாயப்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வயதில் வரும் கேள்விகள் பலருக்கு நம்பிக்கையின் முடிவாக இருப்பதில்லை. அமெரிக்க இறையியலாளர் ஜேம்ஸ் ஃபௌலர் 1981-இல் எழுதிய நூலில், நம்பிக்கையும் வயதோடு வளரும் ஒன்று என்று படிப்படியாக விளக்கினார். பள்ளி வயதுப் பிள்ளைக்குக் கடவுள் கணக்குத் தீர்ப்பவர்: நல்லது செய்தால் நல்லது. உங்கள் மகள் அங்கே இருக்கிறாள். உலகம் அப்படி நடக்கவில்லை என்று தெரியும்போது அந்தப் படி உடைகிறது. உங்கள் மகனுக்கு அது பாட்டியின் சாவில் உடைந்திருக்கலாம். பாட்டி இருந்தவரை தவறாமல் வந்து உட்கார்ந்தவன் அவன்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படத்தைப் பார்த்து "டிராமா" என்றானே, அதில் திமிரைவிடக் கோபம்தான் எனக்கு அதிகம் கேட்கிறது.

உரிமை பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவு, சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றில் குழந்தைக்குச் சுதந்திரம் உண்டு என்கிறது. பிள்ளையின் வளர்ச்சிக்கு ஏற்ப வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆக, உங்கள் கணவர் தன் நம்பிக்கையை வீட்டில் பேசலாம், அழைக்கலாம், செய்து காட்டலாம். பதினான்கு வயதுக்காரனை அதில் மனதார ஈடுபடு என்று ஆணையிட முடியாது, ஆணையிட்டாலும் நடக்காது. வீட்டு நடைமுறை வேறு விஷயம். மற்றவர்கள் பிரார்த்தனையில் இருக்கும்போது பாட்டுப் போடாதே, தங்கையைக் கேலி செய்யாதே என்று சொல்ல உங்கள் இருவருக்கும் முழு உரிமை உண்டு. அதில் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம்.

என்னைக் கவலைப்படுத்துவது கணவரின் மௌனம். "அடிப்பதில்லை, பேசாமல்தான் இருக்கிறார்" என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். அடிக்காதது நல்லது, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் நாள்கணக்கில் பேசாமல் இருப்பதும் தண்டனைதான், அதுவும் எப்போது முடியும் என்று தெரியாத தண்டனை. தப்பைச் சுட்டிக்காட்டி, அது யாரை எப்படிப் பாதித்தது என்று எடுத்துச் சொல்வதுதான் பிள்ளைக்குள் நிலைக்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் 1960-களிலிருந்தே எழுதிவந்தார். பாசத்தை நிறுத்திவைத்துப் பணியவைப்பதை அவர் அதிலிருந்து தனியே பிரித்தார். கணவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, தோற்றுப்போக வேண்டியதுமில்லை. "நீ வரலைன்னா எனக்குக் கஷ்டமா இருக்கு, பாட்டி இடம் காலியா இருக்கிற மாதிரி இருக்கு" என்று அவர் ஒரு வாக்கியம் பேசினால், மகனிடமிருந்து ஒரு வாக்கியமாவது திரும்பி வரும். அதற்குப் பிறகும் அவன் பிரார்த்தனைக்கு வராமல் இருக்கலாம். அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

படங்களை நிறுத்தலாமா?

வேண்டாம். படத்தால் வந்த பிரச்சினை இல்லை இது. ஒன்பது வயதுக்கு மருத்துவமனைக் காட்சியும் சாவும் வருகிற படமானால் முதலில் நீங்கள் பார்த்துவிட்டுக் காட்டுங்கள், அவ்வளவுதான். பார்த்து முடித்த கையோடு "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்" என்று பரீட்சை வைக்காதீர்கள். உங்கள் வீட்டில் அன்று பெரியவர்கள் இருவரும் தங்கள் கட்சிக்குப் படத்தைச் சாட்சிக்கு இழுத்தீர்கள். மகள் தன் கேள்வியை ராத்திரிக்கு ஒத்திவைத்தாள்.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்

மகளின் குற்ற உணர்வு நீங்கள் பேசிய பிறகும் சில வாரங்களுக்குக் குறையாவிட்டால், தூக்கமோ சாப்பாடோ கெட்டால், பள்ளிக்கு மறுத்தால், சரியாக வேண்டவில்லை என்று ஒரே பிரார்த்தனையைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கினால், குழந்தைகள் மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துப் போங்கள். மகன் நண்பர்களையும் ஒதுக்கி, பிடித்த விளையாட்டையும் விட்டு, அறையிலேயே கிடந்தால் அவனுக்கும் அதே. இருவரில் யாராவது "பாட்டியிடமே போய்விடுகிறேன்" என்கிற மாதிரிப் பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இந்தப் பதிலைக் கணவருக்குக் காட்டலாமா என்று கடித ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஆனால் மகளிடம் பேசி முடித்த பிறகு காட்டுங்கள். கைபேசிப் பத்தியையும் சேர்த்து முழுதாகக் காட்டுங்கள்.